பதினொன்றும் இருபத்திரண்டும்

"கோடிய அங்கயே வெய்யி. உள்ள எடுத்துட்டு வராத," என்றாள் ரத்தினம்மாள்.

ஓசூரிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்த கவியரசன், மஞ்சள் பையோடு வாசற்படியிலேயே நின்றுவிட்டான். அவன் யசோதாவின் தம்பி. உள்ளே கிடத்தியிருந்த பதினாறு வயது மகாவுக்குத் தாய்மாமன். தாய்மாமன் போர்த்தும் புதுத்துணியான கோடி விழாமல் அவர்கள் சனத்தில் பிணம் எடுப்பதில்லை.

"உங்கப்பனுக்குக் கால எடுத்தாங்க. எங்க பொண்ணுக்குக் கால் எலும்புல கட்டி. உங்க ரத்தந்தான் அவளத் தின்னுச்சு. இப்பத் துணி ஒண்ணுதான் கொறச்சலா?"

"எங்கப்பாவுக்கு சக்கரை வியாதியால..."

"பேசாத."

யசோதா மகளின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். எட்டு மாதமாக இதே பேச்சு. பதில் சொல்வதை அவள் எப்போதோ விட்டுவிட்டாள். சத்தமாக அழக்கூடப் பயந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

அவள் புருஷன் உத்தமன், ரத்தினம்மாளின் தம்பி. அக்காவின் வாயை அடைக்க அவனிடம் பதில் இருந்தது. எட்டு மாதமாகவே இருந்தது.

டாக்டர் மஞ்சுநாத் எக்ஸ்ரே கவரின் பின்புறத்தில் இரண்டு குச்சிகள் வரைந்து, நுனிகளை வெட்டி மாற்றிப்போட்டுக் காட்டியிருந்தார். "இது லெவன், இது ட்வென்டி டூ. ரெண்டு குரோமோசோமும் ஒடைஞ்சு, துண்டு மாறி ஒட்டிக்கிச்சு. கட்டியில மட்டும்தான். பாப்பா பொறக்கறப்ப இது இல்ல. அப்பா அம்மா யாரும் குடுக்கல. ஏன் ஆச்சு? நமக்கும் கொத்தில்ல, தெரியாது, உத்தமன்."

பெங்களூர் பீன்யாவில் பதினெட்டு வருடம் லேத் ஓட்டியவனுக்கு அது நன்றாகவே புரிந்தது. ஆனால் வீட்டில் "ஏதோ குரோமோசோமாம்" என்று மட்டும் சொன்னான். அப்படியென்றால் வம்சக் கோளாறுதான் என்று அக்காவே முடிவுகட்டி யசோதாவைப் பார்த்தாள். அவன் மறுக்கவில்லை. தன் வழியில் வந்ததில்லை என்று நாலு பேர் நம்பியது அவனுக்குச் சௌகரியமாக இருந்தது. வெட்கங்கெட்ட சௌகரியம்.

வெளியே வேன்காரர் ஹாரன் அடித்தார். வில்சன் கார்டன் மின்மயானத்தில் பத்து மணிக்கு நேரம் கொடுத்திருந்தார்கள்.

"கோடி இல்லாமலே எடுங்க," என்றாள் ரத்தினம்மாள்.

கவியரசன் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினான்.

"அக்கா, அவன உள்ள உடு," என்றான் உத்தமன். "அது ரத்தத்துல வந்தது இல்ல. யார் வழியிலயும் வரல. கட்டிக்குள்ளயே ஆன தப்பு. டாக்டர் படம் போட்டே காமிச்சாரு."

யசோதா தலை நிமிர்ந்தாள்.

"எப்ப சொன்னாரு?"

அவன் வெளியே நின்ற வேனைப் பார்த்தான்.

"உங்களத்தான் கேக்கறேன். எப்ப சொன்னாரு?"

"மொத தடவ சதை எடுத்து டெஸ்ட்டு பண்ணாங்கல்ல. அப்ப."

யசோதா மகளின் நெற்றியில் கை வைத்தாள்.

"போன வாரம் எங்கிட்ட கேட்டா. 'உங்கிட்டேர்ந்துதான் வந்துச்சாம்மா?'ன்னு. ஆமாம்மான்னு சொன்னேன்."

ஹாரன் மறுபடி அடித்தது.

அவள் எழுந்து வாசலுக்குப் போய், தம்பியின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தாள். பையிலிருந்த ஊதாப் புடவையை உதறி, மகளின் கால்மாட்டிலிருந்து மேலே இழுத்தாள். உத்தமன் குனிந்து எதிர்ப்பக்க முனையைப் பிடித்தான்.

யசோதா அதை அவன் கையிலிருந்து உருவித் தம்பியிடம் கொடுத்தாள்.