ஃபையாத்துக்கு எத்தனை வெடி?

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதைக்கு வித்து ஒரு துப்பாக்கிச் சத்தம். யூப்ரடீஸ் கரையில் பல வருடம் குடியிருந்தவன் நான். 1912இல் அங்கே பழைய நகரத்து மேட்டைத் தோண்டியவர்களுக்கு ஒரு வழக்கம்: ஏதாவது அகப்பட்டால் மேஸ்திரி வானத்தைப் பார்த்துச் சுடுவார். மண்சட்டிக்கு ஒன்று, எழுத்துள்ள கல்லுக்கு நாலு, சிலைக்கு எட்டு. அக்கரைக் கிராமத்தில் பெண்கள் விரல் மடக்கி எண்ணுவார்கள். எட்டு வாங்கியவன் வீட்டில் அன்றைக்குக் கல்யாணக் களைதான்.

முதல் வரி: ‘பாலைவனத்தில் சூரியன் மெல்ல...’

(வேண்டாம். அங்கே சூரியன் எதையும் மெல்லச் செய்வதில்லை.)

2

ஃபையாத் குந்தாலி பிடிப்பவன். நாலு வருடமாகத் தோண்டுகிறான், ஒரு வெடிகூட வாங்கவில்லை. அவன் மனைவி கஸ்னாவின் தம்பி அத்வான் நேற்று நாலு வாங்கிவிட்டான்.

“என்ன மச்சான், அக்கா விரலுக்கு வேலையே குடுக்க மாட்டேங்கிறியே!”

(ஃபையாத்தைப் பொறுமைசாலியாக எழுத நினைத்தேன். ஆள் ஒத்துழைக்கவில்லை.)

“வாயை மூடிட்டுக் கூடையைத் தூக்குடா!”

அப்போது குந்தாலி ணங்கென்று பட்டது. ஆளுயரக் கருங்கல், குப்புறக் கிடந்தது. ஃபையாத் படுத்து, அடியில் கையை விட்டுத் துழாவினான். அவன் முகம்... மூன்று முறை எழுதி மூன்று முறையும் அடித்துவிட்டேன்.

“மேஸ்திரி! நகம்! சிங்கத்தோட நகம்! வல்லாஹி, எண்ணிட்டேன், நாலு இருக்கு!”

3

மேஸ்திரி இல்யாஸ் கண்ணால் பார்க்காமல் சுடாதவர். (அவரை நான் தடுத்திருக்க வேண்டும். எனக்கே கை துறுதுறுத்தது, என்ன செய்ய?)

டுமீல்!

சுட்ட பிறகுதான் அவருக்கு வியர்த்தது. “டேய், வெறும் உளித் தழும்பா இருந்தா? வெறுங்கல்லுக்குச் சுட்டவன்னு ஊரே சிரிக்குமேடா!”

“நான் மட்டும் எந்த மூஞ்சியோட அக்கரைக்குப் போவேன்?”

4

வெறுங்கல் என்று ஒரு முடிவு எழுதினேன். அத்வான் கேலி பேசாமல் மச்சானின் தோளில் கை வைக்கிறான். நன்றாகத்தான் வந்தது. தாங்க முடியாமல் கிழித்துவிட்டேன்.

சிங்கம் என்று இன்னொன்று எழுதினேன். மீதி ஏழு வெடியையும் எழுதுகிற குஷியில் கையெழுத்தே கோணிவிட்டது. அதை நம்பத்தான் பயமாக இருக்கிறது.

ஆகவே இவ்வளவுதான் என்னால் முடியும். முப்பது பேர் கயிறு கட்டி இழுத்து, கல் நிமிர்ந்துவிட்டது. முகம் முழுக்கக் களிமண் அப்பியிருக்கிறது. ஃபையாத் கண்ணை இறுக மூடிக்கொண்டான். மேஸ்திரி துப்பாக்கியைப் பாதி தூக்கியபடி நிற்கிறார். அக்கரையில் கஸ்னா, மாவு பிசைந்த கையோடு ஆற்றோரம் ஓடி வந்து, ஒரு விரலை மடக்கிவிட்டு அடுத்ததற்குக் காத்திருக்கிறாள்.

தண்ணீர்த் தோற்பை உங்கள் கையில் இருக்கிறது. ஊற்றுங்கள்.