ஏழாம் விதி

மணவாளன் பட்டணத்தில் என்ன படிக்கிறான் என்று நடுக்கரைக் குப்பத்தில் யாருக்கும் சரியாகத் தெரியாது. பி.ஏ. மூன்றாம் வருஷம், அரசியல் என்று அவன் சொன்னால், எலெக்‌ஷனில் நிற்கப் போகிறாயா என்று கேட்பார்கள். இல்லை, அரசாங்கம் எப்படி நடக்கிறது என்று படிக்கிறேன் என்பான். அது நடக்கிற லட்சணம்தான் தெரிகிறதே, அதைப் படிக்க மூன்று வருஷமா என்று சிரிப்பார்கள். ஆனாலும் விடிவதற்குள் பழவேற்காட்டுக்கு நடந்து, பஸ் பிடித்துப் பொன்னேரி போய், அங்கிருந்து ரயிலில் சென்னைக்குப் போய்வருகிறவனைப் பற்றி அவர்களுக்குள்ளே ஒரு பெருமை இருந்தது. குப்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் அவன் ஒருவன்தான்.

1972 தை மாதம் அந்தப் படிப்புக்கு ஊரில் ஒரு வேலை வந்தது. பழவேற்காட்டு ஏரி கடலோடு சேருகிற முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இறால் ஓடும் இடம் ஒன்று உண்டு. நடுக்கரைக்காரர்கள் அங்கே ஒரு நாளைக்கு ஒரு வீடு என்று முறை வைத்து வலை கட்டுவார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். அந்த இடமே தங்களுடையது என்று பக்கத்து ஊர்க்காரர்கள் மனுக் கொடுத்துவிட்டார்கள். சப் கலெக்டர் ஆபீஸில் இரண்டு ஊரையும் கூப்பிட்டு, யார் யாருக்குப் பாடு உண்டு, எந்த விதிப்படி உண்டு, எழுத்தில் கொண்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். எழுத்துக்கு எங்கே போவது? தாத்தா காலத்திலிருந்து எல்லாம் வாய்ப்பேச்சுதான். ஊர்த் தலைவர் துலுக்காணம் யோசித்துப் பார்த்து மணவாளனிடம் ஒப்படைத்தார்.

அவனுக்குத் தலைகால் புரியவில்லை. எழுதப்பட்ட அரசியலமைப்பு, எழுதப்படாத அரசியலமைப்பு என்று வகுப்பில் பத்துப் பக்கம் நோட்ஸ் எடுத்திருந்தான். இங்கிலாந்து எழுதாமலே காலம் தள்ளுகிறது என்று படித்தபோது வராத ஆச்சரியம், தன் குப்பமும் அப்படித்தான் என்று தெரிந்தபோது வந்தது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை, பாடு உள்ள நாற்பத்திரண்டு வீடும் ஏறி இறங்கினான். நாற்பது பக்க நோட்டில், 'நடுக்கரைக் குப்பத்து மக்களாகிய நாங்கள்' என்று தொடங்கி, விதிகளுக்கு எண் போட்டு எழுதினான். கல்யாணமான ஆண் ஒவ்வொருவனுக்கும் ஒரு பாடு. ஊரை விட்டு வேலைக்குப் போனவனுக்குப் பாடு இல்லை. ஒருவன் இறந்தால் அவன் பாடு அவனோடு போயிற்று. இந்த இடத்தில்தான் பேனா நின்றது.

அவனுடைய அப்பா குப்புராஜ் இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. ஊருக்குப் பொதுவான வலைக்கம்பத்தை நிமிர்த்தப் போன இடத்தில் வெள்ளம் கொண்டுபோய்விட்டது. ஆனாலும் அவர் பாடு போகவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் கத்தியால் கீறிய குறியோடு ஒரு மரத்துண்டு இருக்கும். மாசி மாதம் எல்லாத் துண்டுகளையும் ஒரு பானையில் போட்டுக் குலுக்கி, எடுக்கிற வரிசைப்படி பாடு. அப்பாவின் குறி மூன்று கோடும் ஒரு குறுக்குக் கோடும். அதைத் துலுக்காணம் தன் மடியில் வைத்திருப்பார். எல்லாத் துண்டும் விழுந்த பிறகு கடைசியாக அதையும் எடுத்துப் பானைக்குள் போடுவார். அந்த நேரம் பார்த்து ஆண்கள் எல்லாரும் ஏரிப் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். ஒருவர் தீப்பெட்டி கேட்பார், ஒருவர் இருமுவார். அப்படிச் செய்ய வேண்டும் என்று யாரும் யாரிடமும் பேசி வைத்ததில்லை. அந்தப் பாடு வரும் நாளில் அம்மா செல்லியம்மாளின் அண்ணன் அப்பாவு வலை கட்டி, வந்ததைத் தங்கையிடம் கொடுத்துவிடுவார். மணவாளனின் ரயில் சீசன் டிக்கெட் உட்பட வீடு அதில்தான் ஓடியது.

இறந்தவர் பெயர் பட்டியலில் இருந்தால், பொய்ப் பட்டியல் என்று எதிராளி ஒரே அடியாக அடித்துவிடுவான். ஆகவே அதற்கும் ஒரு விதி வேண்டும். மணவாளன் எழுதினான்: ஏழாம் விதி, விதவையின் வீட்டுக்கு ஒரு பாடு உரிமை உண்டு. எழுதிவிட்டு மாமாவிடம் படித்துக் காட்டினான்.

"அத்த மட்டும் எழுதாத மணவாளா," என்றார் அப்பாவு. "ஊரு கண்ண மூடிக்கினு செய்றது அது. எழுதனா தொறந்து பாப்பாங்க."

எழுதாதது நாளைக்கு நிற்காது என்று அவன் சொன்னான். துலுக்காணம் போய் வேறொருவர் தலைவராக வந்தால் அம்மாவின் கதி என்ன? இரக்கத்தில் கிடைப்பது வேறு, உரிமை வேறு. புத்தகத்தில் படித்ததை அவன் அப்படியே நம்பினான். அம்மாவுக்கு நல்லது செய்வதாகவும் நம்பினான்.

ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று ஒவ்வொரு விதியாகப் படித்தான். ஆறு வரைக்கும் தலையாட்டினார்கள். ஏழாவதைப் படித்ததும் தலையாட்டல் நின்றது. வலைக் குவியலுக்குப் பின்னால் பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து குப்பாயி எழுந்தாள். அவள் புருஷன் காய்ச்சலில் போய் ஏழு வருஷம். அவன் துண்டைக் காரியத்தன்றே ஏரியில் போட்டுவிட்டார்கள்.

"எனுக்கும் உண்டா?" என்று கேட்டாள்.

அதற்கு மணவாளன் உண்டு என்றுதான் சொல்ல முடியும், சொன்னான். அதன் பிறகு ஆண்கள் விரல் விட்டு எண்ணத் தொடங்கினார்கள். ஊரில் விதவைகள் ஐந்து பேர். நாற்பத்திரண்டு நாளைக்கு ஒரு முறை வருகிற பாடு நாற்பத்தாறு நாளைக்குத் தள்ளிப்போகும். இன்னும் எத்தனை பேர் சாகப் போகிறார்களோ என்று ஒருவர் முணுமுணுத்தார். வழக்கமாக அந்த ஊரில் எந்த விஷயமும் பேசிப் பேசி ஓய்ந்து ஒரு பக்கம் சாயும். கை தூக்கி எண்ணியதே கிடையாது. கை தூக்குங்கள், எண்ணிவிடலாம் என்று சொன்னவன் மணவாளன்தான். வேண்டும் என்று ஆறு கை. வேண்டாம் என்று முப்பத்தொன்று. மீதி நான்கு பேர் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏழாம் விதியின் மேல் அவனே கோடு கிழித்தான். கீழே இருந்த பட்டியலில் அப்பாவின் பெயரையும் அடித்தான்.

அந்த நோட்டை வைத்து நடுக்கரைக் குப்பம் வழக்கில் ஜெயித்தது. இவ்வளவு சுத்தமாக எந்த ஊரும் எழுதிக் கொண்டுவந்ததில்லை என்று ஆபீஸில் சொன்னார்களாம். அவனைத் தோளில் தூக்காத குறைதான்.

மாசியில் பானை வந்தது. நாற்பத்தொரு துண்டும் விழுந்தன. துலுக்காணம் பழக்க தோஷத்தில் மடியில் கைவிட்டார். இந்தத் தடவை யாரும் ஏரியைப் பார்க்கவில்லை, தீப்பெட்டி கேட்கவில்லை. எல்லார் கண்ணும் அவர் கையில் இருந்தது. அவர் நடந்து வந்து, அந்தத் துண்டை மணவாளனின் உள்ளங்கையில் வைத்தார்.

"இத்தினி வருசம் யாரும் பாக்கல, நானும் போட்டுக்கினு இருந்தேன். இப்ப வேணாம்னு கை தூக்கிட்டாங்க. இனிமே போட்டா அது திருட்டு நைனா."

செல்லியம்மாள் மகனை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. மறுநாள் கூடையை எடுத்துக்கொண்டு ஏரியில் இறங்கினாள். பாடு இல்லாத வீட்டுப் பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் சேற்றைத் துழாவிக் கையால் இறால் பிடிப்பார்கள். ஒரு வாரத்தில் அவள் விரல்களெல்லாம் மட்டிச் சிப்பி கிழித்து வெள்ளை வெள்ளையாகப் பிளந்துபோயின. சோறு பிசையும்போது உப்பு பட்டு முகத்தைச் சுளிப்பாள், மகன் பார்க்கிறான் என்று உடனே மாற்றிக்கொள்வாள். திட்டியிருந்தால் அவனுக்குப் பாரம் குறைந்திருக்கும்.

அப்பாவு ஒரு வழி சொன்னார். முதல் விதிப்படி கல்யாணம் செய்துகொண்டு, இரண்டாம் விதிப்படி ஊரோடு இருந்துவிட்டால், அடுத்த மாசியில் அவன் பேரிலேயே துண்டு விழும். பெண்கூட இருக்கிறது. பரீட்சைக்கு இருபது நாள் இருந்தது. எழுதியவனையே பிடிக்கிற மாதிரி அந்த விதிகளை அவ்வளவு கச்சிதமாக எழுதி வைத்திருந்தோமே என்று மணவாளன் நினைத்துக்கொண்டான்.

பிறகு அவனுக்கு ஒன்று தோன்றியது. எந்த அரசியலமைப்புக்கும் திருத்தம் உண்டு. ஐந்து விதவைகளும் கைநாட்டு வைத்து ஒரு மனுக் கொடுத்தால் ஊர் மறுபடியும் கூடித்தானே ஆக வேண்டும்? அன்று கல்லூரிக்குப் போகாமல் உட்கார்ந்து மனுவை எழுதினான். மைப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு முதலில் குப்பாயி வீட்டுக்குப் போனான்.

குப்பாயி கூடையில் அறுந்த இடத்தைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தாள். அவன் படித்ததைக் கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள்.

"நாப்பத்திரண்டு ஊடு ஏறி எறங்கன இல்ல?" என்றாள். "அன்னிக்கு இந்த ஊட்டுக்கு ஏன் வரல?"

பாடு உள்ள வீடுகளுக்கு மட்டும்தான் போனேன் என்று அவன் தடுமாறினான்.

"உங்கம்மாவுக்குப் பாடு போனப்புறந்தான் நான் கண்ல பட்டனா?"

அந்தச் சமயம் செல்லியம்மாள் வாசலில் வந்து நின்றாள். இடுப்பில் கூடை இருந்தது. குப்பாயியைக் கூப்பிட்டுக்கொண்டு போக வந்திருக்கிறாள். அம்மா தன் பக்கம் ஒரு வார்த்தை சொல்லுவாள் என்று மணவாளன் அவள் முகத்தைப் பார்த்தான்.

"அவ கேக்கறா இல்ல," என்றாள் செல்லியம்மாள். "பதில் சொல்லு."

குப்பாயி கூடையை உதறி எடுத்துக்கொண்டாள். தண்ணீர் வற்றுகிற நேரம் தப்பிவிடும் என்று இரண்டு பேரும் கிளம்பி, சேற்றில் கால் புதையப் புதைய ஏரியை நோக்கிப் போனார்கள். மணவாளன் மனுவும் மைப் பெட்டியுமாக அங்கேயே நின்றான். அது ஒன்றும் அவனுக்கு வழி தெரியாத வீடு அல்ல. அப்பா போன அன்று, அவனைக் கையைப் பிடித்து அழைத்து வந்து இதே வாசலில் உட்கார வைத்துக் கஞ்சி ஊற்றியவள் குப்பாயிதான்.