இ. ஆன்மேரி

"எத்தன வயசுப் பிள்ளைக்குண்ணே?" என்று கடைக்காரர் கேட்டதும் இன்பசேகரன் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தான். பெற்ற பிள்ளையின் வயதை எண்ணிப் பார்த்துச் சொல்லும் தகப்பனைக் கடைக்காரர் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார். எண்ணியது வயதை அல்ல, அவளைக் கடைசியாகப் பார்த்து எத்தனை மாதம் ஆயிற்று என்பதை. இருபது. அப்படியென்றால் ஐந்து வயதும் நாலு மாதமும். மூணே முக்கால் வயதில் சப்பாத்தியைத் தொப்பி மாதிரித் தலையில் வைத்துக்கொண்டு சிரித்த பிள்ளைக்கு ஐந்து வயதில் என்ன பிடிக்கும் என்று அவனுக்குத் துளியும் தெரியவில்லை. ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, எது எடுத்தாலும் ஐம்பது என்று அட்டை தொங்கும் அந்தக் கடையில் அரை மணி நேரமாக நின்றுகொண்டிருந்தான். கண்டக்டர்கள் ஊர் பேரைக் கத்திக் கத்திக் கூப்பிடுகிற சத்தத்தில் யோசிக்கவும் முடியவில்லை.

விலை குறைவாகத்தான் இருக்க வேண்டும் என்பது பங்குக் கோயிலின் சட்டம். கிறிஸ்மஸுக்கு முந்தின ஞாயிறு, கோயிலில் மறைக்கல்வி படிக்கிற பிள்ளைகளுக்குக் கிறிஸ்மஸ் மர விழா நடக்கும். அவரவர் வீட்டில் ஒரு பொட்டலம் கட்டி, மேலே பிள்ளையின் பெயரை எழுதிப் பொறுப்பாளரிடம் முன்னாலேயே கொடுத்துவிட வேண்டும். விழாவன்று கிறிஸ்மஸ் தாத்தா மரத்தடியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பெயர் வாசிப்பார். வசதியான வீட்டுப் பிள்ளை சைக்கிள் வாங்கிக்கொண்டு போக, இல்லாத வீட்டுப் பிள்ளை பிஸ்கட் பாக்கெட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது என்று ஒரு பங்குச்சாமியார் வைத்த சட்டம், அவர் மாற்றலாகிப் போன பிறகும் நிற்கிறது. பிள்ளைகளுக்குத் தாத்தா தருகிறார் என்று நினைப்பு. எட்டு வயதுக்கு மேல் எல்லோருக்கும் உண்மை தெரியும், ஆனால் ஒருத்தரும் சொல்வதில்லை.

கப்பலூரில் அவன் வேலை பார்க்கும் பாட்டில் மூடிக் கம்பெனியில், பேக்கிங் செக்‌ஷன் முத்துமீனாவிடம்தான் யோசனை கேட்டான். மூன்று பிள்ளை பெற்றவள், அவளுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும். அவள் ஒரு பட்டியலே போட்டாள். பிசைந்து விளையாடுகிற கலர் மாவு, ஒட்டுகிற ஸ்டிக்கர், எழுதி அழிக்கிற மேஜிக் சிலேட்டு, டாக்டர் செட்டு, சொப்புச் சாமான். விலைகூடின பொம்மையெல்லாம் ரெண்டு நாளைக்கு மேல் பிள்ளைகள் சீந்தாது, பொம்மை வந்த அட்டைப் பெட்டியைத்தான் வைத்து விளையாடும் என்றும் சொன்னாள். மூடிகளை எண்ணுகிற எந்திரம் ஒரு நிமிடம் நின்றபோது, குரலைத் தணித்து இன்னொன்றும் சொன்னாள்.

"பிள்ளைக்கு மட்டும் வாங்காதீகண்ணே. அதோட அம்மாவுக்கும் சின்னதா ஒண்ணு வைங்க. பொட்டலத்தப் பிரிக்கிற கை அவுக கைதான."

அந்தப் பேச்சு அவன் மனதில் தைத்துவிட்டது. அதனால்தான் பக்கத்து ஸ்டேஷனரிக் கடையில் முதல் காரியமாக, சாக்பீஸைச் சொருகிப் பிடித்து எழுதுகிற பிளாஸ்டிக் பிடி ஒன்றை வாங்கிச் சட்டைப் பையில் போட்டிருந்தான். அவன் மனைவி அற்புதமேரி, மிஷன் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு டீச்சர். சுண்ணாம்புத் தூள் பட்டுப் பட்டு அவள் விரல் நுனிகள் வெடித்துப் போகும். சாயங்காலம் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே, அந்தப் பிடி ஒண்ணு வாங்கணும் என்பாள். இவனும் வாங்கணும் வாங்கணும் என்று ஆறு வருடம் தலையாட்டினான். இருபது ரூபாய்ச் சாமான். நினைக்க நினைக்க அவனுக்கே அவன்மேல் எரிச்சல் வந்தது.

டாக்டர் செட்டைக் கையில் எடுத்தவன், சூடு பட்டதுபோல் கீழே வைத்தான். போன வருடம் ஏப்ரலில், கம்பெனிக்காரன் ஒருவன் வீட்டுக் கல்யாணத்தில் மூக்குமுட்டக் குடித்துவிட்டு, பிள்ளையைப் பைக் டேங்கில் உட்கார வைத்துக்கொண்டு திருமங்கலம் ரோட்டில் வந்தது அவன்தான். லாரி இல்லை, நாய் இல்லை, குறுக்கே ஒருத்தரும் வரவில்லை. சும்மா விழுந்தான். அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை, பிள்ளைக்குக் கை முறிந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அற்புதமேரி அவனைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. பக்கத்தில் வந்து அவன் வாயை மட்டும் மோந்து பார்த்தாள். பிறகு அவனோடு பேசவே இல்லை. கட்டுப் போட்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பரவையில் இருக்கும் தன் அப்பா வீட்டுக்குப் போனவள்தான். அன்றிலிருந்து அவன் ஒரு சொட்டுத் தொடவில்லை. அதைச் சொல்லலாம் என்று போனால் மாமனார் கதவைத் திறக்கவில்லை. பள்ளிக்கூட வாசலில் போய் நின்றதற்கு போலீஸில் எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

ஜனவரி எட்டாம் தேதி குடும்ப நீதிமன்றத்தில் வாய்தா. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சில மணி நேரமாவது பிள்ளையைப் பார்க்கவிட வேண்டும் என்று மனுப் போட்டிருந்தான். வக்கீல் அழகுராஜா ஒளிவுமறைவு இல்லாத ஆள். குடிச்சது, விழுந்தது எல்லாம் ரெக்கார்டில் இருக்கிறது, அதற்கு ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டு, "ஜட்ஜ் அம்மா பிள்ளையத் தனியாக் கூப்ட்டுப் பேசுவாங்க சார். இவரு யாருன்னு கேப்பாங்க. பிள்ள அப்பான்னு சொல்லுச்சுன்னா நமக்கு ஒரு பிடி இருக்கு. முழிச்சுச்சுன்னா நான் என்ன பேசியும் பிரயோஜனம் இல்ல" என்றார். அன்றிலிருந்து இன்பசேகரனுக்கு அதே நினைப்புத்தான். மூணே முக்கால் வயதில் பார்த்த முகம் ஒரு பிள்ளைக்கு எம்புட்டு நாள் ஞாபகம் இருக்கும் என்று கம்பெனியில் பார்க்கிறவர்களையெல்லாம் கேட்டான். ஆளுக்கொன்று சொன்னார்கள்.

கடைசியில் சோப்புக் குமிழ் விடுகிற பாட்டிலை எடுத்து, சாக்பீஸ் பிடியையும் அதோடு சேர்த்தே பொட்டலம் கட்டச் சொன்னான். அவர்கள் குடியிருந்த வீட்டுக் கொல்லையில் பப்பாளி மரம் ஒன்று உண்டு. அதன் இலைக் காம்பைக் குழலாக வெட்டி, சோப்புத் தண்ணீரில் தோய்த்து அவன் ஊத, பிள்ளை ஓடி ஓடி உடைப்பாள். முகம் மறந்திருந்தாலும் இது மறந்திருக்காது. ஊதிப் பார்க்கும்போது, முன்னாடி யாரோ ஊதினார்களே என்று தோன்றாதா? யாரும்மா ஊதினது என்று கேட்காதா? கேட்டால் அவள் அம்மா பதில் சொல்லித்தானே ஆக வேண்டும். இப்படி ஒரு கணக்கைப் போட்டு அதை நம்பவும் செய்தான். முழுகுகிறவன் எதைத்தான் பிடிக்க மாட்டான்.

மர விழாவுக்குப் பொறுப்பாளர் ஆன்சன். பங்குக் கோயில் ஆபீஸ் கிளார்க். இன்பசேகரன் கல்யாணத்தில் பந்தி விசாரித்தவர். பொட்டலத்தைப் பார்த்ததும் முகத்தைத் தொங்கப்போட்டார். கொடுக்க வேண்டிய தேதி முடிந்துவிட்டது, பிள்ளையின் அம்மா வழித் தாத்தா ஏற்கெனவே ஒன்று கொடுத்துவிட்டார், ஒரு பிள்ளைக்கு ஒன்றுதான் என்றார். இன்பசேகரன் கெஞ்சினான். கடைசியாகக் கூப்பிட்டால் போதும், யார் கொடுத்தது என்று சொல்ல வேண்டாம், தான் விழா நடக்கும் பங்கு மன்றத்துக்குள் கால் வைக்க மாட்டேன், பிள்ளையிடம் பேச மாட்டேன் என்றான். சேசுவின் மேல் சத்தியம் செய்யவும் போனான். ஆன்சன் அதைத் தடுத்து, பேனாவை எடுத்து நீட்டினார்.

"ரெண்டு ஆன்மேரி இருக்கு இன்பா. இனிஷியலோட எழுது."

அதை அவன் எழுதிய விதத்தைப் பார்த்திருக்க வேண்டும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பரீட்சைப் பேப்பரில் எழுதுகிற சிரத்தையோடு எழுதினான். இ. ஆன்மேரி. எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். வீடு போனது, பெண்டாட்டி போனது, பிள்ளையைத் தூக்குகிற உரிமையும் போனது. ஆனாலும் பிள்ளையின் பெயருக்கு முன்னால் தான் ஓர் எழுத்தாக உட்கார்ந்திருக்கிறோம் என்பது அவனுக்குத் தெம்பாக இருந்தது. அந்த எழுத்தை யாராலும் என்ன செய்துவிட முடியும் என்று நினைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு விழா தொடங்கியது. பங்கு மன்றத்தின் வாசலில், செருப்புகள் குவிந்து கிடக்கும் இடத்தில், தூணுக்குப் பின்னால் அவன் நின்றான். ஜன்னல் வழியாக மேடை நன்றாகத் தெரிந்தது. கிறிஸ்மஸ் தாத்தாவின் பஞ்சுத் தாடி வியர்வையில் ஒரு பக்கம் கழன்று தொங்கியது. பிள்ளைகள் ஜமுக்காளத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் தன் பிள்ளை யார் என்று இன்பசேகரன் தேடினான். மஞ்சள் கவுன் போட்ட ஒருத்தியை அவள்தான் என்று முடிவு செய்து, கண் கலங்கப் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தான். மைக்கில் "ஜெ. ஆன்மேரி" என்றதும் அந்த மஞ்சள் கவுன் எழுந்து ஓடியபோதுதான் அது யாரோ பெற்ற பிள்ளை என்று தெரிந்தது. அவனே தன் பிள்ளையை அடையாளம் தப்பாகக் கண்டிருக்கிறான். பிள்ளை மட்டும் அவனை எப்படிக் கண்டுபிடிக்கும்?

அடுத்து "அ. ஆன்மேரி" என்றார்கள். பச்சைப் பாவாடை கட்டிய, ஒல்லியான ஒரு பிள்ளை எழுந்தது. நடந்து வரும்போது இடது கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்கிற பழக்கத்தில் அவனுக்குத் தெரிந்துவிட்டது. முறிந்த கை. அவன் முறித்த கை. பிள்ளை பொட்டலத்தை வாங்கிக்கொண்டு தாத்தாவுக்குக் கை கொடுத்தாள். அந்த அ. எங்கிருந்து வந்தது என்று அவனுக்கு முதலில் விளங்கவில்லை. வாசித்தவர் தவறாக வாசித்துவிட்டார் என்றே நினைத்தான். பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அற்புதமேரி கைதட்டியதைப் பார்த்த பிறகுதான், அது யாருடைய அ. என்பது மெல்ல உறைத்தது. பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோதே மாற்றியிருப்பாள். தாயின் எழுத்தைப் போடலாம் என்று சட்டமே இருக்கிறது. அவனிடம் யாரும் கேட்க வேண்டிய அவசியமும் இல்லை.

ஓடிப்போய் ஆன்சனின் சட்டையைப் பிடித்து, கூப்பிடாதீங்க என்று சொல்லிவிடலாமா என்று தோன்றியது. உள்ளே கால் வைக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தான். கடைசிப் பொட்டலத்தைத் தாத்தா தூக்கிப் பிடித்தார்.

"இ. ஆன்மேரி."

யாரும் அசையவில்லை. மறுபடி கூப்பிட்டார்கள். மூன்றாவது முறை கூப்பிட்டபோது, இரண்டு ஆன்மேரிகளையும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தாத்தா குனிந்து பச்சைப் பாவாடையிடம் மைக்கை நீட்டி, நீதானே பாப்பா என்று கேட்டார். பிள்ளை எழுந்து நின்று, பாடம் ஒப்பிக்கிற குரலில், "நான் அ. ஆன்மேரி. இ. இல்ல" என்றாள். கூட்டம் சிரித்தது. கெட்டிக்காரப் பிள்ளை என்று யாரோ பாராட்டினார்கள். அற்புதமேரி சிரிக்கவில்லை. எழுந்து மேடைக்கு வந்து பொட்டலத்தின் மேல் இருந்த கையெழுத்தைப் பார்த்தாள். பிறகு கூட்டம் முழுக்கக் கண்ணால் தேடினாள். ஆன்சனைத் தனியே அழைத்துப் போய் என்னவோ கேட்டாள். தலையைக் குனிந்தபடி அவர் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார். யாருக்கும் இல்லாத அந்தப் பொட்டலம் மேடையில் மைக் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கிடந்தது. மற்ற எல்லோருக்கும் கேக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

போய்விடலாம் என்று திரும்பினான். திரும்பியவன் தூணைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றான். இனி ஜனவரி எட்டாம் தேதி என்ன, எந்தத் தேதி வந்தால் என்ன. அப்போது பக்கத்தில், கீழே, ஒரு குரல் கேட்டது.

"அங்கிள், என் செருப்ப மிதிச்சுக்கிட்டு நிக்கிறீங்க."

பச்சைப் பாவாடை. கையெல்லாம் கேக் கிரீம். கழுவுவதற்காகக் குழாயடிக்குத் தனியாக வந்திருக்கிறாள். அவன் காலை எடுத்தான். கீழே வார் வைத்த சின்னச் செருப்பு. பிள்ளை அதற்குள் காலை நுழைத்துவிட்டு, கிரீம் அப்பிய கைகளை விரித்துக் காட்டினாள். தனக்கு வார் மாட்டத் தெரியாது என்றும் அம்மாதான் மாட்டிவிடுவாள் என்றும் சொன்னாள். பேச மாட்டேன் என்று சொல்லியிருந்தானே தவிர, செருப்பு மாட்டிவிட மாட்டேன் என்று சொல்லவில்லை. இன்பசேகரன் மண்டி போட்டு உட்கார்ந்தான். ஒற்றைக் காலில் நிற்க முடியாமல் பிள்ளை அவன் தலையில் கையை ஊன்றிக்கொண்டாள். கிரீம் முடியில் ஒட்டியது. அப்பா என்று ஒரு வார்த்தை, சொல்லிவிட்டால் என்ன? பயந்து அலறினால்? அதுவும் ரெக்கார்டில் ஏறும். அவன் வாரை இழுத்து மாட்டினான்.

"அங்கிள், உங்களுக்கு ஒண்ணு தெரியுமா?" என்றாள் பிள்ளை. "இ. ஆன்மேரின்னு ஒரு பாப்பாவ மூணு தடவ கூப்ட்டாங்க. அவ வரவேயில்ல. அவ கிஃப்ட்டு அங்கயே கெடக்கு. பாவம்ல?"

அவன் ஆமாம் என்று தலையை அசைத்தான். அசைத்தபோது தலைமேல் இருந்த கையும் சேர்ந்து அசைந்தது. மன்றத்துக்குள்ளிருந்து அற்புதமேரியின் குரல் மகளைத் தேடிக் கூப்பிட்டது. ஒரு முறை, பிறகு கொஞ்சம் பக்கத்தில் இன்னொரு முறை.

"அம்மா கூப்புடுறாங்க. மாட்டியாச்சா அங்கிள்?"

வாரின் ஊசி ஓட்டையில் சரியாகத்தான் ஏறியிருந்தது. இன்னும் இல்லம்மா என்று சொல்லிவிட்டு, அவன் அதை மறுபடியும் உருவினான்.