ஓடைக்குக் கிழக்கே

மூன்றாவது முறையும் அதே சாம்பல் நிறத் திரைதான் வந்தது. மேலே தேதி, கீழே ஆங்கிலத்தில் என்னென்னவோ பட்டியல். பாண்டிமீனா மடிக்கணினியை அணைத்துப் போட்டாள். அது எழுந்து மறுபடியும் அதே பட்டியலில் வந்து நின்றது, வாசல்படி தாண்ட மாட்டேன் என்று அடம்பிடிக்கும் கன்றுக்குட்டி மாதிரி.

திருப்பரங்குன்றத்தில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மணி ஒன்பதே கால். பதினொரு மணிக்குப் பக்கத்துக் கல்லூரியில் அவளுடைய முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு. எழுமலை சுற்றுவட்டார வயல், புஞ்சைக் காடுகளின் பெயர்களைப் பற்றி, பள்ளிக்கூட வேலை போக மிஞ்சிய நேரத்தில் ஆறு வருடம் எழுதியது. பேச வேண்டிய ஸ்லைடுகளெல்லாம் இந்த மடிக்கணினிக்குள் இருக்கின்றன. மெயிலில் கிடப்பது இரண்டு மாதத்துக்கு முந்தைய பிரதி. அதில் வரைபடமே இல்லை.

"நேத்து சாயங்காலம் நல்லாத்தானங்க இருந்துச்சு" என்றாள்.

இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்த அவள் கணவன் மலைச்சாமி டீக் கிளாஸை ஆராய்ந்தபடி, "ம்" என்றான். ஊரெல்லாம் கேட்கப் பேசுகிற ஆள். இன்று 'ம்'மோடு நிறுத்திக்கொண்டது அவளுக்கு உறைக்கவில்லை.

நாலு கடை தள்ளி லேப்டாப் ரிப்பேர் கடை அப்போதுதான் ஷட்டரைத் தூக்கியது. கடைக்காரர் பீமாராவ் சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டி முடிக்கும்வரை பாண்டிமீனா விரல்களைப் பிசைந்துகொண்டு நின்றாள். அவர் வந்து திரையைப் பார்த்தார்.

"பதறாதீங்கம்மா. டிஸ்க் பேரு இந்தா தெரியுது பாருங்க. உள்ள இருக்கிறது பத்திரமாத்தான் இருக்கும். இது செட்டிங்ஸ் பக்கம். யாரோ ஒரு பட்டனை விடாம அமுக்கிட்டே இருந்தா இங்கதான் வந்து நிக்கும்."

"யாருமே அமுக்கலையேண்ணே."

பீமாராவ் மேல் வரிசைப் பொத்தான்களை ஒவ்வொன்றாக விரலால் தட்டினார். எல்லாம் துள்ளி எழுந்தன. இரண்டாவது மட்டும் அமுங்கியபடியே கிடந்தது. மெல்லிய தகட்டால் அதன் மூடியை நெம்பி எடுத்து, இடுக்கியால் எதையோ பிடித்து வெளிச்சத்தில் காட்டினார். வெல்லம் ஒட்டிய நிலக்கடலைத் துண்டு.

"கடலை மிட்டாயில்ல!" என்றார்.

பாண்டிமீனா திரும்பினாள். மலைச்சாமி முருகன் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"காலையில நீ குளிக்கப் போயிருந்தப்ப..." என்று இழுத்தான். "உன் ஆராய்ச்சியத்தான் வாசிச்சேன். பத்து நாளா வாசிக்கேன். கடைசி நாலு பக்கம் பாக்கியிருந்துச்சு."

"பாஸ்வேர்டு?"

"நம்ம செவலைப் பசு பேரைத்தானே வச்சிருக்க."

பீமாராவ் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிச் சிரித்தார். பாண்டிமீனாவுக்குத் திட்ட வாய் வரவில்லை. வீட்டில் யாருமே பிரித்துப் பார்க்காத முந்நூறு பக்கம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். பத்தாம் வகுப்போடு நின்றவன், கடலை மிட்டாயைக் கடித்தபடி, அடிக்குறிப்பு வரைக்கும் படித்திருக்கிறான்.

"நல்லாருக்கா?" என்றாள். கேட்கும்போதே வெட்கமாக இருந்தது.

"நல்லாருக்கு. ஆனா வரைபடத்துல நரியூத்துக் காட்டை ஓடைக்கு மேற்கால போட்டுட்ட. அது கிழக்கால கிடக்கு."

"இதை எப்பச் சொல்றீங்க!"

"இம்புட்டு படிச்சவகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் பயந்துட்டு இருந்தேன்."

பொத்தானைத் துடைத்து மாட்டியதும் மடிக்கணினி ஒரே மூச்சில் எழுந்து வந்தது. பீமாராவின் மேசையிலேயே, மலைச்சாமி விரல் வைத்துக் காட்டக் காட்ட, அவள் வரைபடத்தில் நரியூத்துக் காட்டை ஓடை தாண்டி நகர்த்தினாள். "இன்னும் கொஞ்சம் தெக்க" என்றான்.

தேர்வு ஒன்றே முக்கால் மணி நேரம் நடந்தது. திருத்தியதைத் தானே முந்திக்கொண்டு சொன்னாள். புறத்தேர்வாளர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குறித்துக்கொண்டார். அவர் கேட்டதற்கெல்லாம் குரல் நடுங்காமல் பதில் சொன்னாள். கடைசியில் அவர் அரங்கைப் பார்த்து, "பார்வையாளர்கள் யாராவது கேள்வி கேட்கலாம்" என்றார்.

மாணவர்கள் குனிந்துகொண்டார்கள். அப்போது கடைசி வரிசையில், இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டைக் கை ஒன்று, காதுவரை வந்து தயங்கி, பிறகு நேராக உயர்ந்தது.