மீதி வைக்காதே

1

இது கதையாக ஆகியிருக்கக் கூடாது. கெசியா கேட்டது கட்டுரை. அவர் தாம்பரத்திலிருந்து வரும் ஒரு சின்ன மாத இதழின் ஆசிரியர்.

"ஆன்லைன்ல தள்ளுபடியில கிஃப்ட் கார்டு வாங்கி எப்படி மிச்சம் பிடிக்கிறதுன்னு எண்ணூறு வார்த்தை குடுங்க சார். கதை வேணாம். போன தடவை சொத்து வரி பத்திக் கேட்டேன், நீங்க நடுவுல ஒரு காதல் ஜோடியக் கொண்டாந்துட்டீங்க."

கதை வராது என்று உறுதி கொடுத்தேன். அந்த உறுதி ஒரு பத்தி வரை நின்றது. அந்தப் பத்தி இது:

ஐயாயிரம் ரூபாய் கிஃப்ட் கார்டைச் சில இணையதளங்கள் நாலாயிரத்து அறுநூறுக்கு விற்கின்றன. கடையில் அதை நீட்டினால் ஐயாயிரத்துக்கும் சரக்கு கிடைக்கும். நமக்கு நாமே பரிசு கொடுத்துக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உதாரணமாக, செம்பாக்கத்தில் ஷ்யாம்சுந்தர் என்று ஒருவர்

உதாரணத்துக்குப் பெயர் வைத்ததுதான் தப்பு.

2

ஷ்யாம்சுந்தரைக் கஞ்சனாக எழுதத்தான் நினைத்தேன். முதல் தொடக்கம்: "ஷ்யாம்சுந்தர் மூச்சு விடுவதற்குக்கூட கூப்பன் தேடுவார்." மலிவான சிரிப்பு, அடித்துவிட்டேன். இரண்டாவது: "செம்பாக்கம் ஏரியின் மேல் காலைச் சூரியன்" (சூரியன் என்ன செய்தது என்று எனக்கே தெரியவில்லை.) மூன்றாவதில் விஷயத்தை நேராகச் சொல்லிவிட்டேன். அவர் ஓர் இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்க்கிறார். மளிகை, பெட்ரோல், செருப்பு எல்லாமே தள்ளுபடிக் கார்டில்தான் வாங்குகிறார். குரோம்பேட்டையில் இருக்கும் தங்கை ரோஹிணி அவரோடு பேசுவதில்லை.

பேசாததற்குக் காரணமும் கார்டுதான். தங்கையின் கிரகப்பிரவேசத்துக்கு அவர் கொடுத்த கார்டு ஏற்கெனவே காலாவதியாகியிருந்தது. ஜி.எஸ்.டி. ரோட்டுக் கடையில் பில் போட்ட மிக்சியை ரோஹிணி திருப்பி வைக்க வேண்டியதாயிற்று. வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்றது அவள் வேலை பார்க்கும் பள்ளியின் தலைமையாசிரியை. அன்று போனில் அவள் அழுதபோது ஷ்யாம்சுந்தர் சொன்னது: "வாங்கினதும் தேதியப் பார்த்திருக்கணும்மா." அந்த வாக்கியத்தில் மன்னிப்பை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

* குறிப்பு: காலாவதித் தேதியைப் பார்த்து வாங்கவும். (இது கெசியாவுக்காக.)

3

இப்போது ரோஹிணியின் மகள் நித்யஸ்ரீக்கு நிச்சயதார்த்தம். அவர்கள் குடும்பத்தில் தாய்மாமன் எடுத்த புடவையைக் கட்டிக்கொண்டுதான் பெண் முதலில் சபைக்கு வருவாள். மாப்பிள்ளை வீட்டுப் புடவை அதற்கு அப்புறம். தாய்மாமன் ஷ்யாம்சுந்தருக்கு அழைப்பு வரவில்லை.

மாமன் எங்கே என்று சபையில் யாராவது கேட்பார்கள். ரோஹிணி எதையாவது சொல்லிச் சமாளிப்பாள். அடுத்த விசேஷத்தில் யாரும் கேட்கக்கூட மாட்டார்கள். இதை நினைத்தால் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

(நேரில் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் அனுப்பிப் பார்த்தேன். ஷேர் ஆட்டோ பிடித்து, அவள் வீட்டு வாசல் வரை போய், செருப்பைக் கழற்றாமலே திரும்பி வந்துவிட்டார். அந்தப் பத்தியை எடுத்துவிட்டேன்.)

ஆகவே தனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினார். ஜவுளிக்கடைக் கார்டு, ஐயாயிரத்துக்கு. தேதியைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டார். மனைவி சாவித்ரி தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஐயாயிரத்து ஒண்ணுன்னு போடுங்க."

"எடுத்துக்காது. நூறு நூறாத்தான் போட முடியும்."

"பூஜ்யத்துல முடிச்சுக் குடுத்தா அத்தோட முடிஞ்சதுன்னு அர்த்தங்க. ஒரு ரூபா சேர்த்து வச்சாத்தான் உறவு இன்னும் இருக்குன்னு."

"எட்டு பர்சன்ட் தள்ளுபடி தராங்க, சாவித்ரி."

"அது உங்களுக்கு. அவளுக்கு?"

அவர் 5001 என்று அடித்துப் பார்த்தார். தளம் சிவப்பு எழுத்தில் மறுத்தது. 5000 என்று மாற்றினார்.

4

அந்தத் தளத்தில் வாழ்த்துப் பெட்டியைக் காலியாக விட முடியாது. தனக்கே கார்டு அனுப்பிக்கொள்கிறவர் தன்னை என்னவென்று வாழ்த்துவார்? ஷ்யாம்சுந்தர் எப்போதும் அந்தப் பெட்டியில் தனக்கான நினைவூட்டலை எழுதிவைப்பார். தளம் அதை ஞாபகம் வைத்துக்கொண்டு இந்தத் தடவையும் தானே நிரப்பியிருந்தது. அவர் போன் நம்பரை மட்டும் ரோஹிணியுடையதாக மாற்றிப் பணம் கட்டினார்.

ரோஹிணியின் போனுக்கு ஒரு பூங்கொத்துப் படமும் அதன் கீழே இதுவும் போய்ச் சேர்ந்தன:

"மாசக் கடைசிக்குள்ள செலவழிச்சுத் தொலை. மீதி வைக்காதே. அன்புடன், ஷ்யாம்சுந்தர்."

தன் கணக்குக்கு வந்த பிரதியை அவர் மறுநாள் காலை காபி குடிக்கும்போதுதான் படித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு சாவித்ரியிடம் போனை நீட்டினார்.

"கூப்பிட்டுச் சொல்லிடுங்க."

"என்னன்னு?"

"தப்பு என்னுதுன்னு."

"போன தடவையே சொல்லியிருக்கணும்."

"அதையும் சேர்த்துச் சொல்லுங்க."

அவர் கூப்பிட்டார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. ரோஹிணி எடுக்கவில்லை. அவளை எடுக்கவைக்க என்னால் முடியும், எழுதுகிறவன் நான்தானே. எடுத்தால் அவள் என்ன பேசுவாள் என்று யோசித்தேன். நான் எழுதிக் கொடுக்கும் எதையும் அவள் பேச மாட்டாள் என்று தோன்றியது.

5

முடிவு. இரண்டு எழுதினேன்.

ஒன்றில் ரோஹிணி அந்த வாழ்த்தைப் படித்து வாய்விட்டுச் சிரிக்கிறாள். அண்ணன் வீட்டுக்கு வெற்றிலை பாக்கோடு வந்து நிற்கிறாள். கெசியாவிடம் படித்துக் காட்டினேன். "ஜவுளிக்கடை விளம்பரம் மாதிரி இருக்கு சார்" என்றார். கதை வேண்டாம் என்று சொன்னவர், ஆனாலும் "அப்புறம்?" என்று கேட்டார்.

இன்னொன்றில் நிச்சயதார்த்தம் முடிந்த பிறகும் கார்டு தொடப்படாமல் கிடக்கிறது. இதுதான் நடக்கக்கூடியது. பாதி எழுதும்போதே எனக்கு ஷ்யாம்சுந்தரை நினைத்துத் தாங்கவில்லை. கிழித்துப் போட்டுவிட்டேன்.

* குறிப்பு: கார்டு எண்ணும் ரகசிய எண்ணும் கையில் இருந்தால், அதில் மீதி எவ்வளவு என்று தளத்திலேயே பார்க்கலாம். பரிசாகக் கொடுத்த கார்டை இப்படிப் பார்ப்பது நாகரிகமில்லை.

ஷ்யாம்சுந்தர் பார்த்தார். தினமும் காலையில் தாம்பரத்தில் பீச் லோக்கல் ரயிலில் ஏறி உட்கார்ந்ததும் முதல் வேலை அதுதான். 5000. மறுநாளும் 5000. அதற்கு மறுநாளும்.

நிச்சயதார்த்தத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை சிக்னல் சரியாகக் கிடைக்கவில்லை. சானடோரியம் தாண்டியும் போனில் கார்டுப் பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. ரயில் குரோம்பேட்டையில் வந்து நின்றபோது திறந்தது.

மீதி: 1.

ஜி.எஸ்.டி. ரோட்டில் எந்தக் கடைக்காரரும் புடவைக்கு ஐயாயிரம் என்று சீட்டு ஒட்ட மாட்டார். நாலாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது என்றுதான் ஒட்டுவார். அது எனக்குத் தெரியும், ஷ்யாம்சுந்தருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் மீதி வைக்காதே என்று சொல்லி அனுப்பியவருக்கு ஒரு ரூபாய் மீதி வந்திருக்கிறது. சாவித்ரி வைக்கச் சொன்ன, தளம் எடுத்துக்கொள்ளாத அதே ஒரு ரூபாய்.

அவர் எழுந்துவிட்டார். ஒரு கையில் போன், இன்னொரு கை கதவோரக் கம்பியில். ரோஹிணியின் வீடு ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம்தான். அவர் இறங்க வேண்டுமா என்பது, அந்த ஒரு ரூபாயை வைத்தது கடைக்காரரா ரோஹிணியா என்று நீங்கள் நினைப்பதைப் பொறுத்தது. எனக்குக் கொடுத்த எண்ணூறு வார்த்தை தீர்ந்துவிட்டது.

ரயில் இங்கே அதிக நேரம் நிற்காது. சீக்கிரம் சொல்லுங்கள், அவருக்குப் பின்னாலும் ஆட்கள் இறங்க நிற்கிறார்கள்.