இவளே

"காகா, யே கௌன் ஹை? நாம் பதாயியே," என்று டாக்டர் வைஷாலி மறுபடியும் கேட்டார். இது யார், பேர் என்ன? கேள்வி அவ்வளவுதான்.

சவரிமுத்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் தலைக்கட்டோடு சாய்ந்தபடி மனைவியையே பார்த்தார். மூளையில் கட்டிய ரத்தத்தை எடுத்த பிறகு அவருக்கு ஆட்களைத் தெரிகிறதா என்பதுதான் சோதனை. மரியபுஷ்பம் டாக்டரை ஏறிட்டுப் பார்த்தாள். கேட்பதற்கு வேறு கேள்வியா கிடைக்கவில்லை? கட்டிய நாளிலிருந்து இந்த மனுஷன் வாயில் அவள் பேர் வந்ததே இல்லை. கட்கி தொழிற்சாலைக்குக் கிளம்பும்போது சாப்பாட்டு டப்பா வேண்டுமானாலும், சட்டைப் பொத்தான் அறுந்தாலும் ஒரே கூப்பாடுதான். விஷ்ராந்த்வாடி சந்தையில் அத்தனை பெண்களுக்கு நடுவே அந்தக் கூப்பாடு வந்தாலும் அவள்தான் திரும்புவாள். அது அவளுக்கு மட்டும் உரியது என்று ஒரு கர்வம்கூட உண்டு.

"இவளே," என்றார் சவரிமுத்து.

மகன் ஜெபகுமார் அதை இந்தியில் சொல்லத் திணறினான். டாக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

"அதான்யா என் பேரு!" மரியபுஷ்பம் பதறினாள். "டாக்டரம்மாட்ட சொல்லுய்யா. அவுக என்னைய அப்படித்தான் கூப்பிடுவாக. வேற யாரையும் கூப்பிட மாட்டாக."

அவன் எப்படியோ சொல்லி முடித்தான். டாக்டர் சிரித்து, அவள் தோளைத் தட்டிவிட்டு, நாளை வீட்டுக்குப் போகலாம் என்றார். மரியபுஷ்பத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. டாக்டர் போனதும் ஜெபகுமாரும் மருந்து வாங்க வெளியே போனான்.

சற்று நேரத்தில் சலைன் பாட்டிலை மாற்ற ஒரு நர்ஸ் வந்தாள். புதுப் பெண், மராத்திக்காரி. சவரிமுத்து அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். எத்தனையோ வருஷப் பழக்கமான அதே அதட்டலோடு சொன்னார்.

"ஏ இவளே, தண்ணி கொண்டா."

நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. மரியபுஷ்பம் ஓடிவந்து குறுக்கே நின்றாள். "இங்கருங்க, நான் இங்க நிக்கேன்." அவர் கழுத்தை ஒருபக்கம் சாய்த்து, அவளைத் தாண்டி நர்ஸையே பார்த்தார். அசதியாக இருக்கும், மருந்து மயக்கமாக இருக்கும் என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். அவளுக்கே அது ஒட்டவில்லை. ஜன்னலோரம் போய் டம்ளரில் தண்ணீர் ஊற்றினாள். பாதி கீழே சிந்தியது.

நர்ஸ் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

"இவளே," என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

அறையில் வேறு பெண் யாரும் இல்லை. மரியபுஷ்பம் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, திரும்பாமல், ஜன்னல் பக்கமே பார்த்து நின்றாள்.