ஆறு மணிக்கு மேல் ஒருவர்

என் வீட்டு வாசலில் அரசாங்க அனுமதியோடு ஒரு பலகை தொங்குகிறது. குழந்தைகள் காப்பகம், காலை ஏழு முதல் மாலை ஆறு வரை. அதை மாட்டுவதற்குள் தாவு தீர்ந்துவிட்டது. தீயணைப்புக்காரர் வந்து சிவப்பு சிலிண்டர் வாங்கி வைக்கச் சொன்னார். சுகாதாரத்துறை ஆள் கழிப்பறையைப் பார்த்துவிட்டு, "இவ்ளோ ஒசரத்துல கொழந்த எப்டிமா குந்தும்?" என்று கேட்டார். முட்டி வலியில் எனக்கே குந்த முடியாது, அதை அவரிடம் சொல்லவில்லை. கடைசியாக வந்த அதிகாரி அம்மாள், ஹாலில் கேமரா இருந்தால்தான் கையெழுத்து என்றார்.

கேமராவை மாட்டியது என் மகன் பிரசாந்த். எங்கள் ஒரகடத்தில் கல்லெறிந்தால் கார் கம்பெனி மேல்தான் விழும், ஆனால் என் பிள்ளைக்கு வேலை கிடைத்தது புனேயில். பொங்கலுக்கு வந்தவன் கேமராவைப் பொருத்தி, என் போனில் ஆப் ஏற்றி, பெற்றோருக்கெல்லாம் பாஸ்வேர்டு கொடுத்து, தன் போனிலும் போட்டுக்கொண்டான். "அங்கேர்ந்து உன்ன பாத்துக்கினே இருப்பேம்மா," என்றான்.

ஆப்பில் படத்தின் மூலையில் ஒரு கண் தெரியும். பக்கத்தில், எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற எண். நம் போனை அது சேர்க்காது. என்னிடம் பிள்ளை விடுகிற பெண்கள் எல்லோரும் கம்பெனி வேலைக்காரர்கள். லைனில் நிற்கும்போது போன் லாக்கரில் கிடக்கும். டீ டைம் வந்தால்தான் எண் மளமளவென்று ஐந்து, ஆறு என ஏறும். அதற்குள் நான் எல்லா மூக்கையும் துடைத்து முடித்திருப்பேன்.

ஆறு மணிக்கு மேல் ஒரு பிள்ளையைக்கூட வைத்துக்கொள்ள எனக்கு அனுமதி இல்லை. அதனாலேயே அன்பு என்கிற இரண்டு வயதுப் பயல் கையை விட்டுப் போனான். அவன் அம்மா வேல்விழி சங்கரன்கோவில் பக்கம். இருங்காட்டுக்கோட்டையில் ஒற்றை ரூமில் வாடகைக்கு இருக்கிறாள். அவள் புருஷனை கான்ட்ராக்டர் ஓசூருக்கு அனுப்பிவிட்டான். ஒரு வாரம் காலையில் ஏ ஷிப்ட், மறு வாரம் மத்தியானம் பி ஷிப்ட். பி ஷிப்ட் முடிய இரவு பதினொன்றாகும், அதுவரை பிள்ளையை யார் வைத்துக்கொள்வது? மாசி மாதம் ஊரில் மாமியாரிடம் விட்டுவிட்டு வந்தாள்.

தினமும் ஆறு மணிக்குக் கடைசிப் பிள்ளையும் போய்விட்டால் வீடு என்னைத் தின்ன வரும். என் வீட்டுக்காரர் ஏகாம்பரநாதன் போய்ச் சேர்ந்து நான்கு வருடம் ஆகிறது. மீந்த சோற்றில் தண்ணீரை ஊற்றி, அடுப்படியில் நின்றபடியே தின்றுவிட்டுப் படுத்துவிடுவேன். ஒற்றை ஆளுக்குத் தட்டு வேறு ஒரு கேடா?

அன்பு போன சில நாளில் ஒரு சாயங்காலம், காற்றாடியை நிறுத்தினேனா என்று ஆப்பைத் திறந்து பார்த்தேன். கண்ணுக்குப் பக்கத்தில் ஒன்று. மறுநாளும் ஒன்று. பிள்ளைகளெல்லாம் அவரவர் வீட்டில் இருக்கும்போது, காலி ஹாலை யார் பார்ப்பார்கள்? என் பிரசாந்தைத் தவிர வேறு யார்?

அன்றிலிருந்து என் சாயங்காலமே மாறிவிட்டது. அம்மா நைட்டியோடு கிடக்கிறாள் என்று அவன் கவலைப்படக் கூடாது. அதனால் முகம் கழுவி, அரக்குப் புடவை கட்டி, சூடாக ஏதாவது சமைத்து, கேமராவுக்கு எதிரே தட்டோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். ஒரு வாரம் ஒன்று வரும், அடுத்த வாரம் வராது. அவனுக்கும் ஷிப்ட்தானே என்று நினைத்துக்கொண்டேன். போனில் அவனிடம் கேட்கவில்லை. கேட்டால் வெட்கப்பட்டு நிறுத்திவிடுவானோ என்று பயம். சத்தியமாக, அந்த ஒன்றுக்காகத்தான் பகல் முழுக்க ஓடினேன்.

சித்திரையில் ஓர் இடி இடித்தது, கேமரா செத்துப்போனது. ரிப்பேர் செய்கிற பையன் வாலாஜாபாத்திலிருந்து வரவேண்டும், இன்று நாளை என்று இழுத்தான். உள்ளூர எனக்குச் சந்தோஷம். படம் தெரியாவிட்டால் பிரசாந்த் பதறிப் போய்க் கூப்பிடுவானே! போனை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் மணி அடித்தது.

"அத்தை, நான் வேல்விழி. அன்பு அம்மா. கேமரா என்னாச்சு? மூணு நாளா இருட்டாவே கெடக்கு. ஒங்களுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையோன்னு பயந்துட்டேன்."

"நீயா பாத்துக்கினு கீற?" என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"தப்புதான் அத்தை. புள்ள நின்ன பெறவு பாக்கக் கூடாதுதான். ஏ ஷிப்ட் வாரம் ரூமுக்கு வந்தா பொழுதே போக மாட்டேங்கு. ஊருக்குப் போன் போட்டா அவன் பேச மாட்டேங்கான், ஓடிருதான். அவன் வெளாண்ட எடத்தையாவது பாப்போம்னுதான். பெறவு நீங்க வந்து சாப்பிட உக்காருவீங்க. நானும் தட்ட எடுத்துக்கிட்டு உக்காந்துருவேன்."

நான் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"தெனமும் நல்ல சேலை கட்டிக்கிட்டு இருப்பீங்களே, யாரோ விருந்தாளி வாராங்கன்னு நெனச்சேன். ஒருத்தரையும் காணோம். யாரு அத்தை வரணும்?"

"யாரும் இல்ல கண்ணு."

"பாஸ்வேர்ட மாத்திராதீங்க அத்தை," என்றாள். அழுகிறாள் என்று தெரிந்தது. அதை மாற்ற எனக்குத் தெரியாது என்றேன்.

மனசு கேட்கவில்லை. அடுத்த நிமிடமே பிரசாந்தைக் கூப்பிட்டேன். "டேய், உன் போன்ல அந்த கேமரா கீதா?"

"போன் மாத்தனப்பவே போச்சும்மா, பொங்கல் முடிஞ்சி வந்த ஒடனே. ஏன், நின்னுபோன ஆளுங்க யாராச்சும் பாக்கறாங்களா? சொல்லு, ஞாயித்துக்கெழம பாஸ்வேர்ட மாத்தித் தரேன்."

"வேணாம்."

"சாப்டியா?"

"ஆச்சி," என்று பொய் சொல்லி வைத்துவிட்டேன். அவன் மேல் கோபம் வந்தது. அதைவிட, புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்த என் மேல் வந்தது. பிள்ளைகள் படுக்கிற பாயில் குப்புற விழுந்து அழுதேன்.

மறுநாள் மத்தியானம் ரிப்பேர் பையன் வந்து சரிசெய்துவிட்டுப் போனான். ஆறு மணிக்குக் கடைசிப் பிள்ளையும் போனது. இனி என்ன வேஷம் என்று நைட்டியை மாட்டிக்கொண்டு, அடுப்படியில் சோற்றில் தண்ணீர் ஊற்றப் போனேன். கை கேட்காமல் ஆப்பைத் திறந்தது. கண்ணுக்குப் பக்கத்தில் ஒன்று.

பாயும், சுவரோரம் நிறுத்திய மூன்று சக்கர வண்டியும் படத்தில் தெரிந்தன. கொஞ்ச நேரம் நானும் அதையே பார்த்தேன். பிறகு உள்ளே போய் அரக்குப் புடவையைக் கட்டி, இரண்டு கத்தரிக்காயை வதக்கி, சூடான சோற்றோடு வந்து கேமராவுக்கு எதிரே உட்கார்ந்தேன். உடனே வாயில் வைக்கவில்லை. அவளும் தட்டை எடுத்துக்கொண்டு வரட்டும் என்று காத்திருந்தேன்.